ஐந்து கோதுமைத் தண்டுகள்

பண்ணை,
பிப்ரவரி 22, 1984

அன்புள்ள எல்டன்,

நானும் நாயும் கன்றுகளும் நலம். பனிக்கட்டி அறுத்துப்போட்ட தொலைபேசிக் கம்பி விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. கம்பெனிக்காரன் வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அதனால் கடிதம்தான்.

கண்கள் எப்படி இருக்கின்றன? லாரி பாட்டரி உன் முகத்தில் வெடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. லாரியைக் கிளப்பும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சாவியைப் போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். குளிர் விட்டுவிட்டது, கோதுமை கிளம்புகிறது. நூற்றுப் பத்துக் கன்றுகளும் அதன்மேல்தான் மேய்ந்துகொண்டிருக்கின்றன. எப்போது வெளியே ஓட்டுவது? முப்பது வருஷமாக நீதான் செடியைப் பிடுங்கி, தண்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளே கதிர்க் குருத்துக்குக் கீழே வெற்றாக விழுந்திருக்கும் குழலின்மேல் பத்து சென்ட் காசை வைத்துப் பார்ப்பாய். குழல் காசின் அகலத்துக்கு வந்துவிட்டால் அன்றைக்கே மாட்டை ஓட்டுவாய். நான் காப்பி கொண்டுவந்து கொடுப்பேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சீக்கிரம் ஓட்டினால் உலர்புல் இருபது நாளுக்குக்கூட வராது, தெற்குப் புல்வெளி இன்னும் பச்சை கட்டவில்லை. தாமதித்தால் கதிர்க் குருத்தையே கடித்துத் தின்றுவிடும், ஜூனில் அறுக்க ஒன்றும் மிஞ்சாது. எனக்குப் பயமாக இருக்கிறது எல்டன். ஐந்து தண்டுகள் பிளந்து இதனுடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

உன்,
லீட்டா

ஓக்லஹோமா சிட்டி,
பிப்ரவரி 26

அன்புள்ள லீட்டா,

கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று சந்தேகப்படாதே. எழுதுவது நர்ஸ் பியர்ல். என் இரண்டு கையிலும் இன்னும் கட்டு இருக்கிறது. கண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். இடது கண் நன்றாகத் திறந்துவிட்டது. ஜன்னலில் தினமும் ஒரு காக்கை வந்து உட்காருகிறது, வலது காலை லேசாக நொண்டுகிறது. நம் வங்கிக்காரர் நடப்பது போலவே இருக்கிறது.

உன் தண்டுகளைப் பார்த்தேன். இலை நுனியெல்லாம் மாடு கடித்திருக்கிறது, அசடே! மேய்ந்த இடத்துச் செடி பொய் சொல்லும். கடிபட்டுக் கடிபட்டுப் பின்தங்கியிருக்கும், அதைப் பார்த்து ஏமாந்து போவோம். மின்வேலிக்கு அப்பால், மாடு வாய் வைக்காத வடக்கு மூலையில் பிடுங்கு. அதற்காகத்தானே அந்த மூலையைப் போட்டு வைத்திருக்கிறேன்!

முடிவு என் பொறுப்பு. நீ அனுப்பு, நான் காசை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். நீ இங்கே வராதே. வந்துவிட்டால் கன்றுகளை யார் பார்ப்பது?

உன்,
எல்டன்

பண்ணை,
மார்ச் 1

அன்புள்ள எல்டன்,

நொண்டிக் காக்கையைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். கண்கட்டோடு உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிய நாளிலிருந்து நெஞ்சில் ஒரு கல் இருந்தது. அது இறங்கிவிட்டது.

ஆனால் கோதுமை என்னை விடமாட்டேன் என்கிறது. மூன்று நாளாகக் கோட்டு வேண்டாத வெயில். பக்கத்துப் பண்ணை ரோஸ்கோ வேலியோரம் வண்டியை நிறுத்தி, "என்ன லீட்டா, இன்னும் மேயவிட்டிருக்க? நான் செவ்வாக்கிழமையே ஓட்டிட்டேனே" என்றான். "எல்டன் சொல்லட்டும்" என்றேன். "அவன் சொல்லி, அது தபால்ல வந்து சேர்றதுக்குள்ள உன் கோதுமை மாட்டு வயித்துல இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வடக்கு மூலையில் ஐந்து செடி பிடுங்கிப் பிளந்து, மெழுகுத்தாளில் சுற்றி இதில் வைத்திருக்கிறேன். என் கண்ணுக்கு முக்கால் காசு போலத் தெரிகிறது. பயத்தில் கண் பெரிதாகக் காட்டுகிறதோ என்னவோ. நீ பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

உன்,
லீட்டா

ஓக்லஹோமா சிட்டி,
மார்ச் 5

அன்புள்ள லீட்டா,

ஐந்து தண்டுகளையும் பார்த்தேன். அரைக் காசுகூட இல்லை. நீ நினைத்தது போலப் பயம்தான் பெரிதாகக் காட்டியிருக்கிறது. இன்னும் பத்து நாள் தாராளமாக மேயட்டும். ரோஸ்கோ எப்போதும் அவசரக்குடுக்கை, அவன் பேச்சைக் கேட்காதே. வாரக் கடைசியில் மறுபடி குளிரும் என்று வானொலியில் சொன்னார்கள். தைரியமாக இரு.

உன்,
எல்டன்

பண்ணை,
மார்ச் 8

எல்டன்,

இன்று மதியம் உன் கடிதம் வந்தது. படித்து, இரண்டு தடவை படித்து, அப்பாடா என்று உட்கார்ந்தேன். பிறகு பசித்தது. ரொட்டி டப்பாவை நகர்த்தினேன். அதன் அடியில் மெழுகுத்தாள் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். ஐந்து தண்டு.

நான் அவற்றை உனக்கு அனுப்பவே இல்லை எல்டன். வெறும் காகிதத்தை மடித்து ஒட்டிவிட்டேன். தபால்காரன் ஹாரன் அடித்த அவசரத்தில் மறந்திருக்கிறேன்.

நீ எதைப் பார்த்தாய்?

இந்த ஒரு கேள்வியோடு வடக்கு மூலைக்குப் போனேன். புதிதாக ஐந்து பிடுங்கிப் பிளந்தேன். காசை வைத்தேன். நான்கில் காசைத் தாண்டிப் போயிருந்தது குழல். ஒன்றில் சரியாகக் காசளவு. இதற்கு மேல் யாரைக் கேட்பது? ரோஸ்கோவைக் கூப்பிட்டேன். "எல்டன் ஓட்டச் சொல்லிட்டானா?" என்றான். "இல்ல, நான் சொல்றேன்" என்றேன். குதிரையைக் கொண்டுவந்தான்.

கன்றுகள் போகமாட்டேன் என்றன. பச்சையை விட்டுக் காய்ந்த புல்லுக்கு யார்தான் போவார்கள்? மூன்று திரும்பத் திரும்ப ஓடிவந்தன. நானும் கத்திக்கொண்டே ஓடினேன். சாயங்காலத்துக்குள் நூற்றுப் பத்தும் தெற்கு வேலிக்குள் வந்துவிட்டன. உலர்புல் பதினைந்து நாளுக்கு இருக்கிறது. அதற்குள் புல் பச்சை கட்டாவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

ஆனால் அந்தப் பயம் இரண்டாவது. முதல் பயம் உன் கண். உண்மையை எழுது. பியர்லிடம் சொல்லி எழுத வைக்க வெட்கமாக இருந்தால் நீயே எழுது. கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்வேன்.

லீட்டா

ஓக்லஹோமா சிட்டி,
மார்ச் 12

லீட்டா,

வலது கைக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு மரச் சட்டத்தைக் காகிதத்தில் வைத்து அதன் ஓரமாக எழுதுகிறேன். வரிமேல் வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

இரண்டு கண்ணும் போய்விட்டன. முதல் வாரமே டாக்டர் சொல்லிவிட்டார். காக்கையைப் பற்றிச் சொன்னது பியர்ல். முதல் தடவை நீ அனுப்பிய தண்டுகளில் காசை வைத்ததும், நுனி கடிபட்டிருக்கிறது என்றதும் அவள்தான். உண்மையை உனக்கு எழுத வேண்டாம் என்று அவளிடம் கெஞ்சினேன். மாட்டை எப்போது ஓட்டுவது என்றுகூடத் தெரியாதவன் அந்தப் பண்ணையில் எதற்கு? நீ எல்லாவற்றையும் விற்றுவிட்டு உன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாய் என்று பயந்தேன். உன்னைக் குறைவாக நினைத்துவிட்டேன்.

இரண்டாவது கடிதம் வந்தபோது பியர்ல் விடுப்பில் இருந்தாள். தண்டைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, உறையைப் பல்லால் கிழித்தேன். உள்ளே காகிதம்தான் இருந்தது. கிழிக்கும்போது கீழே சிந்திவிட்டேன் என்று நினைத்தேன். கட்டிலுக்கு அடியில் புகுந்து, கட்டுப்போட்ட கையோடு, அறை முழுக்கத் தவழ்ந்து தேடினேன் லீட்டா. ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு செருப்பும் ஒரு ஸ்பூனும் கிடைத்தன. மறுநாள் பியர்ல் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "தண்டு எங்கங்க?" என்றாள். "தொட்டுப் பாத்துட்டேன், தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். கண் தெரிகிறவன் கீழே விழுந்ததை எடுத்திருப்பான் இல்லையா? என்னால் அதுகூட முடியவில்லை என்று அவளிடம் சொல்ல வெட்கம். வானொலியில் கேட்ட குளிரை வைத்து அரைக் காசு என்று அடித்துவிட்டேன். நீ கேட்டு நடந்திருந்தால் ஒரு வருஷக் கோதுமை போயிருக்கும்.

நீ செய்தது சரி. ஒரு நாள்கூடத் தப்பில்லை.

இனி என்னை என்ன செய்யப் போகிறாய்? எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்டன்

பண்ணை,
மார்ச் 15

என் எல்டன்,

பியர்லைத் தவிர வேறு யாரிடமும் இதைப் படிக்கக் கொடுக்காதே. இந்த அழுகையை மற்றவர்கள் கேட்க வேண்டாம்.

எனக்கும் பயம்தான். குறைந்துவிட்டது என்று சொன்னால் நானும் நொண்டிக் காக்கை கதை சொல்கிறேன் என்று அர்த்தம். நேற்று மழை பெய்தது. தெற்கே ஓடைக்கரையில் ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை தெரிகிறது. ஒரு சாண்தான். அடுத்த வியாழக்கிழமை ரோஸ்கோ கன்றுகளைப் பார்த்துக்கொள்கிறான், நான் வருகிறேன். உன்னை வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று டாக்டரிடம் கேட்கப் போகிறேன். அடுத்த பிப்ரவரியில் நான் பிளந்து தருவேன், நீ நகத்தால் தடவிச் சொல்லு, காசு வைப்பது என் வேலை.

இன்றைய தண்டு ஐந்து, வடக்கு மூலையிலிருந்து. இந்தத் தடவை காகிதத்தோடு சேர்த்து நூலால் தைத்திருக்கிறேன், ஒன்றும் விழாது. கீழே தேடாதே. இந்த வரிக்குக் கீழே விரலை வை.

உன்,
லீட்டா