இருபத்திரண்டாம் கேள்வி

அன்பு மகள் குண்டூசிக்கு,

அப்பா எழுதுவது. உன்னை இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எட்டு வருடமாகிறது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பதறாதே. உன் ஊருக்கு இரண்டு நாள் பஸ் தூரத்தில், உங்கள் நாட்டு விசா ஆபீஸுக்கு எதிரே உள்ள லாட்ஜில் இருக்கிறோம். இங்கே தங்க எங்களுக்கு சனிக்கிழமை வரைதான் அனுமதி. அதற்குள் விசா கிடைக்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அது இப்போது உன் வீட்டின் கையில் இருக்கிறது. எப்படி என்று சொல்வதற்கு முன்னால் உன் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

ஊர் சுற்றலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அப்படித்தான் போன வாரம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். காது ஆபரேஷனுக்குப் பிறகு விமானம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பஸ்ஸிலும் ரயிலிலுமாகக் கிளம்பினோம். எல்லா நாட்டு விசாவையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். போய்ச் சேர்வதற்குள் பாதி காலாவதியாகிவிடும், ஒவ்வொரு நாட்டிலும் இருந்துகொண்டே அடுத்த நாட்டுக்கு எடுக்கலாம் என்றாள் அவள். மார்க்கெட்டைத் தாண்டித் தனியாகப் போகாத மனுஷிக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை பார். அடுத்து எந்த நாடு என்று கேட்டால், "பக்கத்துல எது இருக்கோ அது" என்பாள். நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

அவள் வேலை செய்கிற விதத்தை நீ பார்க்க வேண்டும். ஒரு ஊரில் இறங்கியதும் நேராக விசா ஆபீஸுக்குப் போகமாட்டாள். எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய் நாலு பக்கம் நகல் எடுக்கக் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கவனிப்பாள். விசா வரிசையிலிருந்து பாதியில் திரும்பி வந்து அவசரமாக நகல் எடுப்பவர்கள் எந்தக் காகிதத்தை எடுக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வாள். மறுநாள் அந்தக் காகிதம் எங்கள் கையில் தயாராக இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு பேருடைய போட்டோவும் ஆளுக்குப் பன்னிரண்டு. முப்பத்தொரு வருடம் லைசென்ஸ் ஆபீஸ் ஜன்னலுக்குள் உட்கார்ந்து ஊரார் விண்ணப்பத்தையெல்லாம் திருப்பி அனுப்பியவன் நான். எனக்கே இந்த யோசனை வரவில்லை.

எனக்கு வந்ததெல்லாம் வாய்தான். இரண்டாவது நாட்டு ஜன்னலில், உங்கள் ஃபாரத்தில் பதினான்காம் நம்பர் இரண்டு தடவை வருகிறது, திருத்துங்கள் என்று சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அந்த அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். உன் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைப் பக்கத்துப் பூங்காவில் உட்கார வைத்துவிட்டு, மதியம் தனியாகப் போனாள். அவளுடைய அரைகுறை இங்கிலீஷில், "எங்க வீட்டுக்காரரும் இதே மாதிரி ஜன்னலுக்கு உள்ளேயே இருந்தவர். வெளியே நிக்கப் பழகலை, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொன்னாளாம். அந்த மனிதர் சிரித்துவிட்டாராம். அன்று சாயங்காலமே முத்திரை விழுந்தது. எமகாதகி!

போன திங்கட்கிழமை இங்கே வந்து, விசா ஆபீஸ் வாசலில் பலகையைப் படித்தேன். உன் நாட்டின் பெயர். மறுபடியும் படித்தேன். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி, "பக்கத்துல இதுதான் இருக்கு" என்றாள். மூன்று நாடு, ஐந்து வாரம், அத்தனை பஸ், அத்தனை நகல், எல்லாமே இந்தப் பலகைக்காக! நானும் சுற்றுலா என்று தொப்பி வேறு வாங்கினேன்.

கோபத்தோடுதான் ஃபாரத்தை நிரப்பினேன். இருபத்திரண்டாம் கேள்வி: இந்த நாட்டில் உங்களுக்கு உறவினர் உண்டா? 'இல்லை' என்று எழுதினேன். எழுதியது கோபத்தில் மட்டுமல்ல. 'இல்லை' என்றால் அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள், 'உண்டு' என்றால் இன்னும் காகிதம் கேட்பார்கள் என்று என் பழைய ஆபீஸ் புத்தி கணக்குப் போட்டது. உன் அம்மா அதைப் படித்தாள். வேறு ஃபாரம் வாங்கி வந்து என் முன்னால் வைத்து, "பொய் எழுதின ஃபாரத்தை உங்க ஆபீஸ்ல நீங்க வாங்குவீங்களா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

'உண்டு. மகள்' என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் முகவரி. உன் அம்மா பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுப்பதற்குள் எழுதி முடித்துவிட்டேன். கதவு எண், தெரு, தபால் எண், எல்லாம். மாதா மாதம் நீ அவளுக்குப் போடும் கடிதத்தைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து, பார்க்காதவன் போல மேஜைமேல் வைப்பது நான்தானே அம்மா. எட்டு வருடமாக அந்த உறையின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா துண்டுச்சீட்டை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் பயந்தபடியே ஆயிற்று. உறவினர் இருந்தால், வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடிதம் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வர வேண்டுமாம். வீடு உன் கணவர் பெயரில் இருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். அவளே உனக்கு ஒரு போன் போட்டால் ஐந்து நிமிட வேலை. "நான் கேட்டா அவ உடனே அனுப்பிடுவா. நீங்க கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். போனில் பேச எனக்குத் தைரியம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்த ஊர் ஜெராக்ஸ் கடைக்காரப் பெண் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். அவள் இப்போது உன் அம்மாவுக்கு உயிர்த்தோழி.

உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. உன் அம்மாவையும் வரவிடவில்லை. நீயாகப் பார்த்துக்கொண்டவர் என்ற ஒரே காரணம். தப்பு என்னுடையது. இதை எழுத எனக்கு எட்டு வருடமும் மூன்று விசாவும் தேவைப்பட்டிருக்கிறது.

அழைப்புக் கடிதத்துக்கு ஒரு மாதிரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பழக்கதோஷம், கோபித்துக்கொள்ளாதே. தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் நிரப்பிவிட்டேன். உன் அம்மாவுக்கு நேரே 'மாமியார்' என்று போட்டிருக்கிறேன். எனக்கு நேரே என்ன உறவு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை நான் எழுதக்கூடாது. மாப்பிள்ளை தன் கையால் எழுதட்டும்.

எழுத அவருக்கு மனம் வரவில்லை என்றால் அதிலும் நியாயம் உண்டு. என் வரியை அடித்துவிட்டு உன் அம்மாவுக்கு மட்டும் அனுப்பச் சொல். இவ்வளவு தூரம் வழி கண்டுபிடித்து வந்தவள் உன்னைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. நான் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, வந்த வழியே வீட்டுக்குப் போய் அவள் திரும்பும்வரை காத்திருக்கிறேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். வாயைத் திறக்கமாட்டேன் என்று உன் அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜன்னலுக்கு வெளியே நிற்கும்
உன் அப்பா