சாத்தாத மூடி

மே 19, வியாழன்

கொய்ஹைக்கே ஊர் முழுக்கப் புகை. இன்று விறகடுப்பு மூட்டக் கூடாதென்று ரேடியோவில் சொன்னார்கள். குளிர்காலம் தொடங்கி, வெளியே தண்ணீர் உறைந்து கிடக்கிறது. மூட்டினேன். என்னுடையது இரண்டு கோடை காய்ந்த லெங்கா மர விறகு, தட்டினால் கணீரென்று கேட்கும். ஈர விறகு எரிக்கிறவர்களைப் போய்க் கேட்கட்டும்.

மே 23

பக்கத்து வீட்டு நிவால்டோ வந்தான். செத்துப்போன என் அண்ணனின் மகன். உட்காரவில்லை.

"அத்தை, ராத்திரி அடுப்போட காத்து மூடியைச் சாத்தாதீங்க. புகை நேரா அம்மா ஜன்னலுக்கு வருது. நுரையீரல் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"உங்கம்மா நாப்பது வருஷம் அடுப்புல ஊதின புகை போதாதா? என்னோடதுதான் உறுத்துதா?"

"காஞ்ச விறகும் மூடினா புகையும் அத்தை. வெளிய வந்து பாருங்க."

போகவில்லை. மூடியைச் சாத்தினால்தான் கட்டை விடியும்வரை கனலும். ஊரே அப்படித்தான் செய்கிறது. திறந்து எரித்தால் செப்டம்பர்வரை விறகுக்கு எங்கே போவேன்?

மே 24

தொண்ணூற்றைந்தாம் வருஷப் பனியில் என் மகன் ருபேன் நெஞ்சுச் சளியோடு கிடந்தான். அண்ணி ஓட்டிலியா வாசலில் நின்று ஓர் அணைப்பு விறகு கேட்டேன். "எங்களுக்கே பத்தாது" என்றாள். பச்சைப் போர்வை போட்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் விறகு கூரைவரை அடுக்கியிருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

மே 31

இன்றும் சாத்தினேன்.

ஜூன் 8

காலையில் மூடியைச் சாத்திவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். காற்று அசையவில்லை. மஞ்சளாய்க் கனத்த புகை மேலே ஏறாமல் கூரையில் வழிந்து, வேலி தாண்டி, அவள் ஜன்னலில் போய் நின்றது. என் விறகு சுத்தமென்று எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன்... இத்தனை வருஷம் உள்ளேயிருந்து நெருப்பை மட்டும்தானே பார்த்தேன்?

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 21

நேற்றிலிருந்து பனி. கரண்ட் இல்லை. போன வருஷம் ஓட்டிலியா அரசாங்கத்துக்குப் பழைய அடுப்பைக் கொடுத்துவிட்டு, மரத்தூள் குச்சி எரிக்கும் ஹீட்டர் வாங்கினாள். கரண்ட் போனால் அது வெறும் பெட்டி. என் அடுப்புக்கு யார் தயவும் வேண்டாம். சந்தோஷப்பட்டேன், மத்தியானம்வரை.

நிவால்டோ வேலைக்குப் போன இடத்தில் பனியில் சாலை அடைபட்டு மாட்டிக்கொண்டானாம். போனேன். இரண்டு கோட்டோடு கட்டிலில் கிடந்தாள். உதடு நீலம்.

"எதுக்கு வந்தே? செத்துட்டேனான்னு பாக்கவா?"

"எழுந்திரு."

"உன் புகைக்குள்ளயா?"

"மூடியைத் திறந்துதான் வெச்சிருக்கேன். வா."

முப்பது அடி தூரம். அவள் மூச்சு வாங்க நின்று நின்று அரை மணி ஆனது.

ஜூன் 22

மூடி திறந்தே இருக்கிறது. அடுப்பு விறகை மாடு மாதிரி தின்கிறது. அவள் நாற்காலியில் தூங்குகிறாள். மூச்சு இரைக்கவில்லை.

ஜூன் 23

கரண்ட் வந்தது. நிவால்டோ அழைத்துப் போனான். நன்றி அவன்தான் சொன்னான்.

ஜூலை 30

விறகில் கடைசி வரிசை. அவள் வந்துபோன பின் மூடியை ஒருநாளும் சாத்தவில்லை. இப்போது விற்பதெல்லாம் பச்சை மரம். வாங்க மாட்டேன்.

ஆகஸ்ட் 12

விறகு முடிந்து நாலு நாள். அண்ணி வீட்டு மேசையில் எழுதுகிறேன். இவள் ஹீட்டரில் விசிறிச் சத்தம்தான், வாசனையே இல்லை. சொன்னேன்.

"பிடிக்கலைன்னா உன் வீட்ல போய் நடுங்கு" என்று மாத்தே தேநீர்க் கோப்பையை நீட்டினாள்.

தொண்ணூற்றைந்தை அவள் பேசவில்லை. நான் மறக்கவில்லை. ரொட்டி எடுக்க அடுக்களைக்குப் போனாள். மூச்சு வாங்க நடுவில் எங்கும் நிற்காமல் போய்த் திரும்பினாள்.