நீ வைத்த ஐந்து, நான் சேர்த்த மூன்று

மச்சான்,

உன் லேப்டாப்பை இன்று காலையில்தான் திறந்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பொத்தானை அமுக்கியதும் உள்ளே இருக்கும் ஃபேன் கிழவன் மாதிரி இருமிவிட்டு, போன வருஷத்துக் குறுவை நெல்லின் சுணையை மொத்தமாக என் கழுத்தில் ஊதியது. நம் மாடி அறைக்கு எதிரே கொள்முதல் களத்தில் நெல் தூற்றும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தச் சொல்லி லட்சம் தடவை கத்தியிருக்கிறேன். "காத்து வரட்டும்டா" என்பாய். இரண்டு முறை குளித்துவிட்டு, இன்னும் சொறிந்துகொண்டே இதை எழுதுகிறேன். செத்த பிறகும் என்னைச் சொறியவைத்த ஒரே மனிதன் நீதான்.

இதை இரங்கல் கடிதம் என்று நினைத்துவிடாதே. அதற்கெல்லாம் நீ லாயக்கில்லை. நீ பாதியில் எழுந்து போன சண்டையின் மீதி இது.

நான் யார்? உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இன்னொரு முறை கேள். இருபத்தாறு வருடம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். மயிலாடுதுறையிலிருந்து நாகப்பட்டினம் வரை என் விரல் படாத திருவிழா மேடை கிடையாது. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நான் ஓட்டும் சின்ன ஓட்டத்தைக் கேட்டுக் காவிரி ஒரு நிமிடம் நின்றுபோனதாக ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான் என்றாலும் பேச்சு பேச்சுதானே. அப்பேர்ப்பட்ட என்னை, துபாயில் ஒரு ஓட்டல் நடனக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் ஒயர் சுருட்டிவிட்டு வந்து நீடாமங்கலத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்த நீ, கூப்பிட்டு உட்காரவைத்து, டெக்னோ என்று ஒரு மெஷின் ஆட்ட இசையைப் போட்டுக் காட்டினாய். தும் தும் தும் தும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன்.

"பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?"

"முடியப் போவுதுடா."

"மெட்டு எங்க இருக்கு இதுல?"

"இருக்கு. ஒனக்குத்தான் கேக்கல. எங்க எடம் கெடைக்கும், நாம எப்ப பூந்து வாசிக்கலாம்னே பாத்துக்கிட்டு இருக்க."

அன்று தொடங்கிய சண்டை நாலு வருடம் நடந்தது. நான் மெட்டுப் போடுவேன். சாதாரண மெட்டா அவை? பெரிய கோயில் விமானம் எட்டிப் பார்த்துப் பொறாமைப்பட்ட மெட்டுகள். நீ கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்பாய், தலையை ஆட்டுவாய், பிறகு சுரங்களை ஒன்றொன்றாக அழிப்பாய். அறுவடை மிஷின் போன வயல் மாதிரி திரை வெறிச்சென்று கிடக்கும். நான் நாற்காலியை உதைப்பேன்.

"நல்லாத்தான்டா இருக்கு. பாட்டுக்கு நல்லாருக்கு. ஆனா இதுல ஆடுறவன் உள்ள வந்து குடியிருக்கணும். நீ வீடு பூரா சாமான அடுக்கி வெச்சா அவன் எங்க நிப்பான்?"

"அப்ப ஒரே சுரத்தத் திருப்பித் திருப்பிக் கேட்டுச் சாவட்டுமா?"

"சுரத்த மாத்தாத. சத்தத்தக் கொஞ்சம் கொஞ்சமாத் தொற. மடையத் தொறக்குற மாதிரி."

பேச்சு மட்டும் என்றால் நான் உன்னைத் தோற்கடித்திருப்பேன். ஆனால் நீ ஒரு பரீட்சை வைத்திருந்தாய், அதுவும் நம் ஊர் ரயில்வே கேட்டில். அந்தக் கேட் மூடினால் அங்கே நிற்பவர்கள் தாடி வளர்த்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பேரன் பிறந்த பிறகுதான் தண்டவாளத்தைத் தாண்டுவார்கள். இஞ்சின் கழன்று திரும்பி மாட்டும். அரிசி ஏற்றிய சரக்கு ரயில் முன்னால் போகும், பின்னால் வரும், யோசிக்கும். அங்கே வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரில் கட்டிய சின்ன ஸ்பீக்கரில் தும் தும்மையும் மெட்டையும் மட்டும் ஓடவிடுவாய். கேட் இறங்கும்போது தொடங்கினால் ஏறும்வரை.

"தொறக்குற வரைக்கும் நிறுத்தணும்னு தோணலன்னா அது மெட்டு. தோணிச்சுன்னா அழிச்சிடு."

என் முப்பத்திரண்டு சுரக் காவியத்தை அங்கே ஓடவிட்ட நாளை மறந்திருக்க மாட்டாய். இரண்டாவது நிமிடம் ஷேர் ஆட்டோவில் இருந்த ஒரு அம்மா புன்னகைத்தார். நான் உன்னை முழங்கையால் இடித்தேன். நாலாவது நிமிடம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்டாவது நிமிடம் பின்னால் நின்ற டிராக்டர்க்காரர் இறங்கி வந்தார். "அண்ணே, அத நிறுத்துறீங்களா, இல்ல நான் கேட்டுக்கு அடியில பூந்து நடந்தே போயிடட்டுமா?" நீ சிரித்த சிரிப்பில் வண்டி சாய்ந்தது. நாலு நாள் உன்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், போன் கெட்டுவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டு கடைக்கு வந்தேன். நீயும் ஒன்றும் கேட்காமல் அதைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தாய்.

பிறகுதான் அந்த ஐந்து சுரத்தை வைத்தாய். நாலு படி இறங்கி, ஐந்தாவதில் யாரையோ கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நின்று, பதில் வராமலே மறுபடி முதலிலிருந்து. எனக்கு உடம்பெல்லாம் நமைச்சல்.

"மூணு சேருடா. எட்டாயிடும். முழுசா இருக்கும்."

"வேணாம்."

"ஏன்?"

"அஞ்சுன்னா நடக்கும். எட்டுன்னா ஒக்காந்துடும்."

"அப்படின்னா?"

"கேட்டுக்கிட்டே இரு. தெரியும்."

அவ்வளவுதான் உன் விளக்கம்! ஒரு நிமிடம் செலவு செய்து, விரல் விட்டு எண்ணிக் காட்டியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? தொலைந்து போகிற மனுஷன் சொல்லிவிட்டுத் தொலைய வேண்டாமா?

தொலைந்த லட்சணத்தையும் சொல்கிறேன். மூன்று நாளாக நெஞ்சு அடைத்திருக்கிறது. வீட்டில் கேஸ் என்றாய். சோடா குடித்தாய், ஓமத்தண்ணீர் குடித்தாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சுரம் மயிரிழை தள்ளி விழுந்தால் எழுந்து நிற்கும் உன் காது, உன் சொந்த நெஞ்சு தாளம் தப்பியதை மட்டும் கேட்கவில்லையா? தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதற்குள் கிளம்பிவிட்டாய். அடக்கத்தில் மூன்று பிடி மண் போட்டேன். மூன்றையும் திட்டிக்கொண்டேதான் போட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் துஆ ஓதுகிறேன் என்று நினைத்தார்கள்.

நீ போய் ஆறு மாதம் கழித்து பெங்களூரிலிருந்து உன் மகளுக்குப் போன் வந்தது. டெக்னோ வெளியிடும் சின்னக் கம்பெனி ஒன்றுக்கு அந்த ஐந்து சுரத்தை நீ அனுப்பியிருக்கிறாய், எனக்குச் சொல்லாமலே. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மன்னார்குடியில் அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அத்தா பாட்டு வெளிவரப் போகிறது என்று சொல்லியிருக்கிறாள். மற்றதை நீங்க பேசுங்க மாமா என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

கம்பெனிக்காரர் நல்ல தமிழ்தான் பேசினார். "சார், தஞ்சாவூர்ப் பக்கத்துலேருந்து வருது. நடுவுல ஒரு நாதஸ்வரம், ஒரு தவில் வெச்சோம்னா பட்டைய கெளப்பும்."

"ஏன் தம்பி, தலையாட்டி பொம்மை ஒண்ணும் பார்சல்ல போடட்டுமா? கூடவே ரெண்டு மூட்ட பொன்னி?"

நான் கத்திய கத்தலில் கல்லணை விரிசல் விட்டிருக்கும். அவர் பயந்துபோய் நாதஸ்வரத்தை விட்டுவிட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மெட்டு மட்டும் முழுசா இல்லாத மாதிரி இருக்கு சார்."

நான் நாலு வருடமாகச் சொன்னதை ஒருவர் வந்து சொல்லிவிட்டார்! என் கம்ப்யூட்டரில் இருந்த நகலை எடுத்தேன். மூன்று சுரம் சேர்த்தேன். அழகாக, உருண்டையாக, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி. அனுப்பிய அன்று மாலையே, "இப்பதான் சார் முழுசா இருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை வெளியிடுவதாக முடிவானது. நீ இல்லாத வீட்டில் உன்னை ஜெயித்துவிட்டு, தெருவெல்லாம் மார்தட்டிக்கொண்டு நடந்தேன்.

அந்த வாரம் உன் மகளை மன்னார்குடியிலிருந்து உன் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்தேன். கேட் மூடியது.

"மாமா, அத்தாவோடதப் போடுங்க. தொறக்குற வரைக்கும் கேப்போம்."

போட்டேன். மூன்று நிமிடம் தலையசைத்தாள். பிறகு தண்டவாளத்தைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துப் பார்த்தாள்.

"இது அத்தா போட்டதா மாமா?"

"அத்தாதான்மா. கொஞ்சம் முழுசாக்கினேன்."

"அத்தாவோடது எங்க வந்து விழும்னே தெரியாது மாமா. அவுங்க பாடுவாங்க, நான் டேபிள்ல தட்டுவேன். ஒவ்வொரு தடவையும் வேற எடத்துல வந்து இடிக்கும். ரெண்டு பேரும் சிரிப்போம். இது ஒரே எடத்துல வந்து வந்து ஒக்காருது."

ஸ்கூட்டர் சீட்டில் நாலு நாலாகத் தட்டிக்கொண்டே அந்த ஐந்தைப் பாடிக் காட்டினாள். நான் விரல் விட்டு எண்ணினேன். முதல் சுற்று முதல் அடியில் தொடங்கியது. அடுத்தது இரண்டாவது அடியில், அதற்கடுத்தது மூன்றாவதில். அடி நாலு, மெட்டு ஐந்து, ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடி தள்ளி நடக்கிறது. அதே சுரங்கள் வேறு வேறு அடியில் விழுந்து வேறு வேறாகக் கேட்கின்றன. எட்டாக்கினால் ஒவ்வொரு முறையும் முதல் அடியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். நான் முழுசாக்கவில்லை, காலை முறித்திருக்கிறேன். கேட் இன்னும் திறக்கவில்லை. ஸ்பீக்கரை நிறுத்த ஒரு கை நீண்டது. என் கைதான்.

"நீங்க வேணும்னே செய்யல மாமா."

"வேணும்னேதாம்மா செஞ்சேன்."

அங்கேயே நின்று பெங்களூருக்குப் போன் போட்டேன். "அத வெளியிடாதீங்க. பழசப் போடுங்க."

"கவரெல்லாம் ரெடி சார். பழசுன்னா எங்களால முடியாது."

உன் மகளைப் பார்த்தேன். மருந்துக் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னவள் அவள். "அப்படின்னா வேணாம் மாமா" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. ஒன்றும் வெளிவரவில்லை. மூன்று வாரம் அவள் முகத்தைப் பார்க்கக் கூசி, மன்னார்குடி ரோடு இருக்கும் திசைப் பக்கமே திரும்பாமல் இருந்தேன். நேற்று சாயங்காலம் கம்பெனிக்காரரே கூப்பிட்டார். "சார், அந்தப் பழசு கார்ல ஓடிக்கிட்டே இருக்கு. மாத்தத் தோண மாட்டேங்குது. எங்ககிட்ட இருக்குறது கேட்டுப் பாக்குற ஃபைல்தான், ஒரிஜினல அனுப்புங்க. அவர் பேர்லயே போடுவோம்." என் நகலை நான்தான் கெடுத்துவிட்டேனே, கெடாதது உன் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. காலையில் அவள் கொண்டுவந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஒரு கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு, இன்னொரு கையின் ஒற்றை விரலால் அனுப்பினேன். ஒரு சுரத்தைக்கூடத் தொடவில்லை. அந்த ஐந்தும் இனி உன் பெயரில் நடக்கும்.

போய்ச்சேர் என்று லேப்டாப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. புதிதாக ஒன்றைத் திறந்து, என் வழக்கப்படி பதினாறு சுரம் வைத்தேன். கேட்டேன். நாலை அழித்தேன். கேட்டேன். இன்னும் ஐந்தை அழித்தேன். யாரோ என் தோளுக்கு மேலிருந்து சொல்வதுபோல் எல்லாம் எனக்குத் தோன்றவில்லை, அப்படி நினைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே. நானேதான் அழித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டு. கடைசியில் மூன்று நின்றன. இப்போது உச்சி வெயில். காலையிலிருந்து அந்த மூன்றும் ஓடுகின்றன, நிறுத்தத் தோன்றவில்லை. இதில் நீ வந்து அழிப்பதற்கு ஒரு சுரம்கூட மிச்சமில்லை மச்சான். அதை நினைத்தால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.