மோதிரம் யாருக்கு

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என் காட்டூர் வீட்டில் இன்றும் பகடை விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆட வேண்டும். கதையை நடத்துபவன் நான். என்னோடு சேர்த்து வழக்கமான நாலு பேர்; இன்று கலைவாணியும் வந்திருந்தாள். துறையூர்க்காரி, எங்கள் ஆபீசுக்குப் புதிது.

விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது என்று நாங்கள் பேசுவதும் இங்கிலீஷ்தான். இரண்டு மணி நேரம் அவள் வாயே திறக்கவில்லை. முறை வந்தால் பகடையை உருட்டினாள், சிரித்தாள், அவ்வளவுதான்.

கதையில் பூதங்கள் வந்தன. அவற்றின் பாஷை யாருக்கும் தெரியாது. பாவம் பார்த்து அவளுக்கு ஒரு மாய மோதிரம் கொடுத்தேன். "இதப் போட்டுக்கிட்டா எந்த பாஷையும் புரியும், கலைவாணி" என்று தமிழில் வேறு சொன்னேன். பெரிய மனது என்று எனக்கே ஒரு நினைப்பு.

"எனக்கு வேணாங்க. நீங்க நாலு பேரும் போட்டுக்கங்க. நான் தமிழ்ல பேசறேன்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் வீட்டில் அம்மாவோடு தமிழில் சண்டை போடுகிறவர்கள்தான்.

பிறகு பூத ராஜாவிடம் தமிழிலேயே அவள் பேசினாள் பாருங்கள், அப்படி ஒரு பேரம்! ராஜாவாகப் பதில் சொல்ல வேண்டியவன் நான். எனக்கு இங்கிலீஷ்தான் வந்தது.