வானத்தோடு பேசும் தட்டும் ஹுன்னஸ்கிரியப் பீலியும்

நானா,

இன்று காலை குட்ஷெட் பஸ் நிலையத்தில் வாங்கிய கடலைச் சுருளைப் பிரித்தபோது, பத்திரிகைத் தாளில் ஒரு ரொக்கெட் படம் இருந்தது. தனியார் விண்வெளிக் கொம்பனிகளுக்குச் சுற்றாடல் விதிகளிலிருந்து விலக்குக் கொடுக்கலாமா என்று எங்கோ வெளிநாட்டில் விவாதமாம். முடிவு என்னவென்று தெரியவில்லை, தாள் பாதியில் கிழிந்திருந்தது. நீங்கள் இருந்திருந்தால் மீதியைத் தேடிப் பிடித்து வாசித்திருப்பீர்கள்.

கண்டி சுற்றாடல் அலுவலகத்தில், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட உங்களைப் போல ரொக்கெட் பைத்தியம் வேறு யாரும் இல்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் எங்காவது ஒன்று கிளம்புகிறதென்றால் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிடுவீர்கள். அது மேகத்தைத் தாண்டும் வரை யாரும் பேசக்கூடாது. அப்படிப்பட்ட உங்கள் மேசைக்குத்தான் அந்தக் கொம்பனியின் கடிதம் வந்தது.

விண்வெளியில் சுற்றும் செய்மதிகளோடு தொடர்பு கொள்ளும் தரை நிலையமொன்றை ஹுன்னஸ்கிரிய மலையில் கட்டப்போகிறார்களாம். புகைபோக்கி இல்லை, கழிவு இல்லை, ஆகவே சுற்றாடல் ஆய்விலிருந்து விலக்கு வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். விலக்குக் கொடுக்கலாம் என்று குறிப்பு எழுதியவள் உங்களுக்குக் கீழே வேலை செய்த நான். அந்த மலையின் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த என் தம்பியும் அங்கேதான் இருந்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை தருவோம் என்று கொம்பனி சொல்லியிருந்தது.

நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை. "ஒருக்கா போய்ப் பாத்துட்டு வருவம், தங்கச்சி" என்றீர்கள். கொம்பனி மெனேஜர் நம்மை மலையுச்சிக்குக் கூட்டிப்போனார்.

"சேர், இது வானத்தோட பேசுற வேலை. இதுக்குப் போய் மண்ணப் பத்தி ரிப்போர்ட் எதுக்கு?"

"வானத்தோட பேசுறதுக்கு நிண்டுக்கிற எடம் மண்தானே" என்று சிரித்தீர்கள். பிறகு ஜெனரேட்டரும் டீசல் தாங்கியும் எங்கே வரும் என்று கேட்டீர்கள். அவர் ஒரு சரிவைக் காட்டினார்.

அந்தச் சரிவிலேயே இறங்கினீர்கள். கீழே லயத்துப் பெண்கள் குடிதண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலி. எனக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும், ஆனால் மேலே நின்றபோது என் நினைவுக்கு வரவில்லை. குடம் வைத்திருந்த ஒரு கொழுந்துக்கார அம்மா உங்களிடம் கேட்டார்:

"ஐயா, மேல தோண்டுனா இந்தத் தண்ணி கெட்டுப்போகுங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிக்கணும்."

திரும்பும் வழியில் ஜீப்பில் நான் வெடித்தேன். "உங்களுக்கென்ன நானா, உங்க வீட்டுல வேலையில்லாம யாரும் இல்ல. தாமதமானா அவங்க வேற நாட்டுக்குப் போயிருவாங்க."

நீங்கள் கோபப்படவில்லை. "போகலாம். அந்தப் பயம் எனக்கும் ஈக்கிது" என்றீர்கள். கொஞ்ச தூரம் போன பிறகு, "விலக்கு எண்டா என்ன தங்கச்சி? அந்த அம்மா கேட்டதுக்கு நாங்க பதில் தேடத் தேவையில்ல எண்டுறதுதான். அத நான் எழுத மாட்டன்."

நான்கு நாள் உங்களோடு பேசவில்லை. மேலிடத்திலிருந்து தொலைபேசிகள் வந்தன. முன்னேற்றத்துக்கு எதிரி என்று உங்களை யாரோ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். விண்வெளி என்றால் அலுவலகத்தையே மறக்கும் மனிதரை அப்படிச் சொன்னது, கோபத்தில் இருந்த எனக்கே பொறுக்கவில்லை. ஐந்தாம் நாள் நானே தேநீர் எடுத்துக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்தேன். எதுவும் நடக்காதது போல, "சீனி கூடிப்போச்சு" என்றீர்கள்.

ஆய்வு நடந்தது. பீலிக்கு வரும் ஊற்றின் தலை, டீசல் தாங்கிக்குக் குறித்திருந்த இடத்தின் நேர் கீழே இருந்தது. கொம்பனி முணுமுணுத்துக்கொண்டே தாங்கியையும் பாதையையும் மலையின் மறுபக்கம் மாற்றியது. வேறு நாட்டுக்குப் போகவில்லை. தம்பிக்கு வேலை கிடைத்தது, ஏழு மாதம் பிந்தி. அந்த ஏழு மாதமும் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பீலியில் இன்றைக்கும் குடம் வைக்கிறார்கள். அங்கே கெட்டது எதுவும் நடக்கவில்லை. அதனாலேயே அங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது. போன வருடம் உங்கள் ஜனாஸா நல்லடக்கத்துக்கு அந்த மலையிலிருந்து வந்தது என் தம்பி மட்டும்தான்.

திறப்பு விழாவுக்கு உங்களை அழைக்கவில்லை. இருந்தும் லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தீர்கள். தோட்டத்து வாசலுக்கு வெளியே, மழைத் தூறலில், பிரதான வீதியோரம் நின்றோம். தூரத்து மலையில் நிலையத்தின் பெரிய வெள்ளை அன்டெனாத் தட்டு மெதுவாகத் திரும்பியது. "பாருங்க தங்கச்சி, திரும்புது. எங்கட மலையிலேருந்து பேசுது" என்றீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். மழை என்று சொன்னீர்கள்.

இப்போது உங்கள் மேசைக்குப் பின்னால், உங்கள் கதிரையில் நான் இருக்கிறேன். ஒரு விண்ணப்பக் கோவையில் 'விலக்கு வழங்க முடியாது' என்று எழுதுமுன், அந்தத் திட்டம் நல்லபடி நடந்து முடிந்தால் உங்களைப் போல் வீதியோரம் நின்று சந்தோஷப்பட என்னால் முடியுமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். முடியும் என்று தோன்றினால்தான் எழுதுகிறேன்.