பதினொன்றே காலுக்குப் போகும் நெட்

மார்ச் 3, திங்கள்
தினமும் பதினொன்றே கால் ஆனால் வீட்டில் நெட் ஏன் போகிறது? தெரியவில்லை. புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் இப்படி எழுதுவது அழகில்லை. ஆனாலும் தெரியவில்லை.

வெள்ளி பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். துறைத் தலைவர் பதவி. பன்னிரண்டு வருடக் காத்திருப்பு. பாதிப் பதிலில் நான் உறைந்து நின்றால்?

"பக்கத்து வீட்டுக்காரன் உறிஞ்சுறான்" என்கிறார் கணவர். ஆதாரம்? "அவன் மூஞ்சியைப் பாரேன்."

மார்ச் 4
பாஸ்வேர்டை மாற்றினேன். பதினொன்றே காலுக்குப் போயிற்று. அந்த மூஞ்சி நிரபராதி.

மார்ச் 5
நோட்டும் கடிகாரமுமாகச் சமையலறையில் உட்கார்ந்தேன். கணவரின் அக்கா ஒரு மாதமாக எங்களோடு இருக்கிறார். பத்தரைக்குக் காபியோடு மகளிடம் ஃபோனில் பேச உட்காருவார், முடிப்பதற்குள் ஆறிவிடும். இன்றும் ஆறிய காபியை மைக்ரோவேவில் வைத்தார். நெட் போயிற்று. மெஷின் நின்றது, நெட் வந்தது.

"இன்னொரு தடவை வைங்க, அண்ணி."

"கொதிச்சுடுச்சேம்மா!"

"எனக்காக."

நான்கு தடவை வைத்தோம். நான்கு தடவையும் போயிற்று. காபி பாதியாகிவிட்டது.

ரூட்டர் இருப்பது மைக்ரோவேவ் தலைமேல். மாலை கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பாய்ந்தேன்: "எந்தப் புத்திசாலி அதை அங்க வச்சது?"

"நீதான். ஹால்ல பச்சை லைட் கண்ணை உறுத்துதுன்னு தூக்கிட்டுப் போனியே."

ஐயோ. ஆமாம்.

மார்ச் 6
ரூட்டர் ஊர்வலம். ஹாலில் மீன் தொட்டிக்குப் பின்னால் வைத்தால் என் அறையில் சிக்னல் இரண்டே கோடு. தண்ணீர் அலையை விழுங்குகிறது. தொட்டியை நகர்த்தலாமா என்றேன். "மீனுங்க இப்பதான் அந்த இடத்துக்குப் பழகியிருக்கு" என்றார் கணவர். இரும்பு பீரோ பக்கம் ஒரே கோடு. கடைசியில் நடைவழியில், காலண்டர் ஆணியில், ஷூ லேஸால் கட்டித் தொங்கவிட்டோம். எல்லாக் கோடும்! பச்சை விளக்கு நேராக என் முகத்தில். இருக்கட்டும்.

"அண்ணி, நாளைக்கு மட்டும்—"

"ஆறின காபியைக் குடிக்கணும், அதானே? குடிக்கறேன். வேலை மட்டும் கிடைக்கலேன்னா இருக்கு உனக்கு."

மார்ச் 7
பதினொன்றே கால். நெட் போயிற்று. என்னுடையது அல்ல! தேர்வுக் குழுத் தலைவர் தன் வீட்டிலிருந்து பேசினார். கேள்வியின் நடுவே, திறந்த வாயோடு உறைந்துபோனார். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எப்படித்தான் வாய் வந்ததோ: "சார், ரூட்டர் மைக்ரோவேவ் பக்கத்துல இருக்கா?"

திரும்பிப் பார்த்தார். "ஆமாம்மா... ஒட்டித்தான் இருக்கு."

குழுவே சிரித்தது. எப்படித் தெரியும் என்றார்கள். காபிச் சோதனையை முழுசாகச் சொன்னேன். அதிலேயே நேரம் முடிந்துவிட்டது. என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. போச்சா? காபிக் கதை கேட்டு யாராவது பதவி கொடுப்பார்களா?

மார்ச் 8, சனி
நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பதினொரு மணிக்கு மெயில் வந்தது. ஜூன் முதல் தேதி பொறுப்பேற்க வேண்டும். ஆபீசில் இருந்த கணவரை வீடியோவில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். சமையலறையில் அண்ணி காபியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். கணவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கை தட்டியது, கடைசித் தட்டுவரை, விட்டுப்போகாமல் தெரிந்தது.