நாற்பத்தெட்டு நாளுக்கு ஓர் இடம்

சிவமயம்

மேலகரம்,
குற்றாலம் ரோடு,
சுபகிருது வருஷம் ஆடி மாதம் 25-ஆம் தேதி

என் அருமை மகன் சிவனணைந்தபெருமாளுக்கு அம்மா முருகம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. குற்றாலநாதர் கிருபையில் நானும் உன் மனைவி குழல்வாய்மொழியும் பேத்தி உலகம்மையும் கஞ்சியோ சோறோ வேளைக்குக் குடித்துக்கொண்டு இருக்கிறோம். நீ பிலாய் இரும்பாலையில் அந்த உலைச் சூட்டில் நின்றுவிட்டு வந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாயா என்று தெரியவில்லை, அதை எனக்கு ஒளிக்காமல் எழுது. இந்நேரம் உன் மாமா ஆவுடைநாயகத்தின் கடிதம் உன் கைக்கு வந்திருக்கும். உன் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இடுப்பில் கயிறு கட்டி அருவிக்கு இழுத்துப் போகிறார்கள், என் கண்ணால் கண்டேன் என்று எழுதியிருப்பான். அவன் என் கூடப்பிறந்தவன், பொய் எழுத மாட்டான், கண்டதைத்தான் எழுதியிருப்பான். ஆனால் எனக்கு ஒன்றும் இல்லை ஐயா, பதறாதே. முதலிலிருந்து எழுதுகிறேன், ஆள் இல்லாத இடத்தில் உட்கார்ந்து படி.

ஆனி மாதம் குழலியையும் உலகம்மையையும் தென்காசி ஸ்டேஷனில் என்னிடம் ஒப்படைத்துவிட்டு லீவு முடிந்தது என்று மறுவண்டியிலேயே நீ திரும்பினாய். பங்குனியில் அந்த நாலு மாத ஆண் பிள்ளை காய்ச்சலில் போனதிலிருந்து குழலி வாய் திறக்கவில்லை, சோற்றைப் பிசைந்து ஊட்டினால் உண்டு இல்லாவிட்டால் இல்லை என்று நீ சொன்னது சரிதான், வந்த அன்றே கண்டுகொண்டேன். அருவியில் ஒரு மண்டலம், ஒரு நாளும் விடாமல் விடியற்காலம் தலை நனைந்தால் தெளியும் என்று வைத்தியர் சொன்னார். நம் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து அந்நேரத்துக்கு பஸ் கிடையாது, ஊர்க் கண்ணும் பொல்லாதது, அதனால் குற்றாலத்திலேயே குறைந்த செலவில் இரண்டு மாதத்துக்கு ஓர் இடம் பார் என்று நீ சொன்னதை நானும் சுலபமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவள், தெருவுக்கெல்லாம் மனுவும் கடிதமும் எழுதிக் கொடுக்கிறவள், ஒரு அறை பிடிக்க எனக்குத் தெரியாதா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். சாரல் விழுந்துவிட்டால் அந்த ஊர் யாருடைய ஊர் என்று அப்புறம்தான் தெரிந்தது. மதுரைக்காரர்களும் சிவகாசிக்காரர்களும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். லாட்ஜில் ஒரு வாரத்துக்குக் கேட்டது உன் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டையே காலி பண்ணி வாடகைக்கு விட்டுவிட்டு மாட்டுத்தொழுவில் படுத்துக்கொள்கிறார்கள். சரி அந்தத் தொழுவையாவது கொடுங்கள் என்று ஒரு வீட்டில் கேட்டேன், அந்த அம்மாள் என்னைப் பார்த்து, எங்க மாடே வெளியிலதான் நிக்கி ஆச்சி, என்றாள்.

பிறகு சத்திரங்களைப் பார்த்தேன். வாடகை கிடையாது, ஆனால் மூன்று நாளுக்கு மேல் தங்கக்கூடாது. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன், பதினாறு சத்திரம் கிடைத்தால் நாற்பத்தெட்டு நாள் தீர்ந்தது, மூட்டையை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் போதும் என்று. சுற்றிப் பார்த்ததில் நம்மை உள்ளே விடக்கூடியது நாலுதான், மற்றதெல்லாம் அவரவர் சாதி சனத்துக்கு. முதல் சத்திரத்தில் மூன்று நாள் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் இரண்டாம் நாள் நான் அரிசி வாங்கப் போயிருந்தேன், உலகம்மையைக் காவல் வைத்துவிட்டு. திரும்பி வந்தால் முற்றத்தில் கூட்டம். அடுத்த அறையில் தங்கியிருந்தவர்களின் கைக்குழந்தை தூளியில் கிடந்திருக்கிறது, குழலி அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் செய்யவில்லை ஐயா, முந்தானையால் அதன் தலையை மூடிக் காற்றுப் படாமல் வைத்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் கதறுகிறாள், இவள் விடமாட்டேன் என்கிறாள். நான் போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த விரல்கள் எப்படி இறுகியிருந்தன என்று உனக்கு எழுத என்னால் முடியவில்லை. சத்திரத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, தாயே இப்பமே கிளம்பிருங்க, என்றார். சாயங்காலத்துக்குள் மற்ற சத்திரங்களுக்கும் சேதி போய்விட்டது.

குதிரைவண்டிக்கார மூசாதான் மழையில் நாங்கள் நிற்பதைப் பார்த்து ஏற்றிக்கொண்டான். எங்கே போக என்று கேட்டான், எனக்கே தெரியாது என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மேலகரத்தில் இராமலட்சுமி என்று ஒரு விதவை பின்கட்டு அறையை விடுவாள், ஒழுகும், அதனால் சீசன்காரர்கள் வரமாட்டார்கள், மாதம் எட்டு ரூபாய் கொடுத்தால் போதும், என்றான். ஆனா ஆச்சி, போன வருசம் தலை சரியில்லாத ஒரு வயசுப் பொண்ணை அருவில குளிப்பாட்டக் கூட்டியாந்து வச்சு அது அவ கெணத்துல விழுந்துட்டு, அதுலேருந்து அந்த அக்கா முழிச்சுக்கிட்டா, பாத்துப் பேசுங்க, என்றும் சொன்னான். வாசலில் இறங்கியதும் இராமலட்சுமி கேட்ட முதல் கேள்வி, குளிக்க வந்தது யாரு, என்ன சீக்கு என்பதுதான். குழலி அப்போதும் தன் பாட்டுக்கு முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நொடி போனால் இராமலட்சுமிக்குப் புரிந்துவிடும். எனக்குத்தான், எனக்குத்தான் தலை சரியில்லை, இது என் மருமகள், துணைக்கு வந்திருக்கிறாள் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. இராமலட்சுமி என்னை மேலும் கீழும் பார்த்து, பாத்தா அப்படித் தெரியலையே, என்றாள். மூசா வண்டியில் இருந்தபடியே, இப்பம் தெளிவா இருக்காவ அக்கா, உச்சிக்கு வெயில் ஏறட்டும் பாருங்க, என்று சொல்லிவிட்டான். கிழவிக்குக் கோட்டின்னா பரவாயில்ல, எங்க ஓடிரப் போறா, என்று சாவியை எடுத்துக் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை, வெளியே கூட்டிப் போகும்போது இடுப்பில் கயிறு கட்டி மறுமுனை மருமகள் கையில் இருக்க வேண்டும் என்றாள்.

நான் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். அந்தக் கிணறு பின்கட்டு அறைக்கு எதிரேதான் இருக்கிறது. அவள் பயந்தது எதற்கோ அதையே அவள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டேனே என்று எனக்குப் பகலெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் கிணற்றடியை விட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டேன். சும்மா உட்கார்ந்தால் சந்தேகம் வரும், கோட்டி பிடித்தவள் என்ன செய்வாள் என்று எனக்கு என்ன தெரியும், பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சத்தம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். பாவம் முத்திப் போச்சு, ஆனா கணக்கு ஒண்ணுகூடத் தப்பலியே, என்று இராமலட்சுமி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். உன் மகள்தான் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தாள். எங்க ஆச்சிக்கு ஒண்ணும் இல்ல, எங்க அம்மைக்குத்தான், என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இராமலட்சுமி அவள் கன்னத்தைக் கிள்ளி, ஏட்டி, ஆச்சியை விட்டுக் குடுக்க மாட்டியோ, என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

தினம் விடியுமுன் மேலகரத்திலிருந்து நடப்போம், நான் முன்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழலி பின்னால், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு உலகம்மை. முதலில் கயிற்றை அவள் கையில் நான்தான் சுற்றிவிட வேண்டியிருந்தது. இங்கே வந்த எட்டாம் நாள் அருவியில் தண்ணீர் கனமாக விழுந்தது. பெண்கள் பக்கத்தில் பாசியில் என் கால் வழுக்கிச் சரிந்துவிட்டேன், அந்த வேகத்தில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை, மூக்கிலும் வாயிலும் தண்ணீர். இடுப்புக் கயிறு வெட்டி இழுத்தது. அத்தே, காலை ஊணுங்க, காலை ஊணுங்க, என்று ஒரு சத்தம். யார் என்று நிமிர்ந்து பார்த்தால் அவள்தான். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, தடுப்புக் கம்பியில் முதுகைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு என்னை இழுக்கிறாள். அவள் உள்ளங்கை உரிந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து நான் அழுதேன், அவள் என் தலையைத் துவட்டினாள். அன்றிலிருந்து கயிற்றை அவளே எடுத்துக் கட்டுகிறாள், முடிச்சு இறுக்கமா அத்தை என்று கேட்கிறாள், எனக்கு எண்ணெய் தேய்க்கிறாள், உலகம்மைக்குச் சடை போடுகிறாள். இப்படி ஒரு மருமகள் கிடைக்கத் தவம் செஞ்சிருக்கணும் என்று தெருவே அவளைச் சொல்லுகிறது, அதைக் கேட்கும்போது அவள் முகம் ஒரு மாதிரி மலருகிறது. உன்னைத்தான் திட்டுகிறார்கள், பெத்த மகன் ஒருத்தன் எட்டிப் பாக்கலியே என்று.

ஆடி அமாவாசைக்கு உன் மாமா தர்ப்பணம் கொடுக்கக் குற்றாலத்துக்கு வந்திருந்தான். கயிற்றோடு என்னைப் பார்த்துவிட்டான். அக்கா, அக்கா, உனக்கா இப்படி, நம்ம தெருவுக்கே கடுதாசி எழுதிக் குடுத்தவளாச்சே, என்று தலையில் அடித்துக்கொண்டு நடுரோட்டில் அழுதான். பக்கத்தில் இராமலட்சுமி நிற்கிறாள். நான் ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் அன்றைக்கே இடம் போய்விடும், நாற்பத்தெட்டில் பாதிதான் முடிந்திருந்தது. என் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் நேரே ஊருக்குப் போய்ச் சொல்லியிருப்பான். இனி நம் தெருவில் யாரும் எழுதச் சொல்லி என்னிடம் கார்டைக் கொண்டுவர மாட்டார்கள். தெளிந்துவிட்டாள் என்று சொன்னாலும் தெளிந்த கோட்டி என்றுதான் சொல்வார்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை, உன்னிடம் மட்டும் சொல்லுகிறேன். இந்தக் கடிதத்தைக் கூட மூன்று நாளாக எழுதுகிறேன், இராமலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, பாவம் எதையோ கிறுக்கிட்டு இருக்கு, இருக்கட்டும், என்று போகிறாள்.

இனி முக்கியமான சேதி. முந்தாநாள் குழலி அரிசி களைந்துகொண்டே என்னிடம் கேட்டாள், அத்தே, தம்பியை எங்கன வச்சிருக்காவ, அங்கன மண்ணு கல்லா இருக்குமா மணலா இருக்குமா, என்று. அழவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு என்ன தெரியும். அவள் கண் விழிக்குமுன் பிள்ளையை நீ தூக்கிக்கொண்டு போய்விட்டாய், அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்துத்தான் செய்தாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் இன்னும் அந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள். அது கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை, நீ வந்து உன் வாயால் சொல்ல வேண்டும், பிறகு கூட்டிப் போய் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். இன்றோடு முப்பத்தேழு குளி முடிந்தது. ஆவணி ஐந்தாம் தேதி கடைசிக் குளி. லீவு கொடுக்காவிட்டாலும் கொல்லம் மெயிலில் ஏறிவிடு, பணம் அனுப்பாதே, நீ வா.

நீ தென்காசியில் இறங்கியதும் மாமா வந்து கட்டிக்கொண்டு அழுவான், ஊர்க்காரர்கள் நாலு பேர் அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். உடனே நீ கோபப்பட்டு என் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று சண்டைக்குப் போகாதே. குழலிக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லை, சில நாள் மத்தியானம் முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளத்தான் செய்கிறாள், தெளியக் காலம் ஆகும், அதுவரைக்கும் யாரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கக்கூடாது. நாளைக்கு உலகம்மைக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் தாயார் எப்படி என்றுதான் கேட்பார்கள், ஆச்சியைக் கேட்டால் வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். உன் பிள்ளை குட்டிகளோடு நீ நூறு வயது இருக்க வேண்டும், உலகம்மன் உனக்குத் துணை இருப்பாள், வெறும் வயிற்றோடு உலைக்கு முன்னால் நிற்காதே. படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு, மறந்துவிடாதே. யார் கேட்டாலும், ஆமாம், எங்க அம்மைக்குத்தான், என்று சொல்லு. உனக்கு நாக்கு எழாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லு ஐயா.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
முருகம்மாள்